சூடு பார்க்கும் உத்தியோகம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் மெல்ல எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். பதில் தெரியாமல் இல்லை. பதிலைக் கேட்ட பிறகு எதிராளியின் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது. நாங்கள் செய்கிற சரக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட். நோட்டுக்கு அட்டை போடுகிற ஷீட் மாதிரிதான் இருக்கும். வளைத்தால் வளையும், இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும், இரண்டு ஓரத்திலும் கரண்ட் கொடுத்தால் சூடாகும். அதன் மேல் முழுக்க வெள்ளிக் கம்பி ஓடுகிறது என்பேன். எங்கே என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்பேன். முடி என்றதும் அவர்கள் பார்வை என் தலைக்குப் போகும். அங்கே உதாரணம் காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

என் மச்சான் ஒருமுறை பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கண்ணுக்குத் தெரியாத கம்பி செய்யற ஆளுக்குச் சம்பளமும் கண்ணுக்குத் தெரியாமத்தான் வருமா மாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

சூட்டுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே தொடர்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்த பிறகு, இவனுக்குப் படிப்பு ஏறாது என்று ஒரு எலக்ட்ரிக் கடையில் தள்ளிவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் ஹீட்டர், ரொட்டி வாட்டும் பெட்டி என்று காயில் கம்பி அறுந்துபோனதையெல்லாம் கழற்றி மாட்டியே என் வாலிபம் கழிந்தது. அங்கேதான் டாக்டர் வந்தார். படித்து வாங்கிய டாக்டர், காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் முழிப்பார். கையில் ஒரு சூட்டுத் தட்டு வைத்திருந்தார். அதன் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரே சீராக நிற்க வேண்டும் என்றார். நான் அதைப் பகல் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு, திருகுவதும் பார்ப்பதும் திருகுவதும் பார்ப்பதுமாக இருந்தேன். திறமை கிடையாது. கெடுத்துவிட்டால் திட்டுவாரே என்கிற பயம்தான். சாயங்காலம் அவர் வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க" என்றார். என் வீட்டில் அதற்கு மந்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு மனிதர் முதல் தடவையாக அதைப் பொறுமை என்று சொன்னதும் நான் அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

மெத்தைக் கிடங்குக்கு மேலே மாடியில் இருக்கிறது அவர் கம்பெனி. மலையோர ஊர் என்பதால் பாதி வருஷம் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனிமூட்டம் நிற்கும், வேறெதுவும் தெரியாது. உள்ளே டாக்டர் ஒரு குடுவையில் வெள்ளி உப்பைப் பதமாகக் காய்ச்சுவார். அது நிறம் மாறி மாறிக் கடைசியில் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி ஆகும். அதற்குள்தான் அந்தக் கம்பிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன என்பார். இருபத்தைந்து வருஷம் காயில் சுற்றியவன் நான், இருந்தாலும் நம்ப எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்தக் கலவையைக் கழுவி எடுத்து ஷீட்டின் மேல் ஊற்றி, மெல்லிய கம்பி சுற்றிய ஒரு தண்டால் ஒரே இழுப்பாக இழுத்துப் பரப்புவது கோட்டிங் அக்கா. என்னைவிடச் சின்னவள்தான். ஆனாலும் டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவள் அக்கா. அந்த ஒரு இழுப்பில் கை கொஞ்சம் நடுங்கினாலும் ஷீட் போச்சு. அவள் இழுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் பேச மாட்டார்கள்.

காய்ந்த ஷீட் என்னிடம் வரும். ஒரு இடம்கூடப் பிசகாமல் ஷீட் முழுக்க ஒரே சூடு ஏறுகிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்காவது ஒரு பொட்டு மட்டும் அதிகமாகச் சூடேறினால், நாளாக ஆக அந்த இடத்தில் கம்பி அறுந்து கருகிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கேமரா உண்டு. அது வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்கும். ஆறின இடம் திரையில் நீலம், சூடான இடம் சிவப்பு. ஷீட் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் பாஸ். நடுவில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் ரிஜெக்ட். பிற்பாடு நான் ரிஜெக்ட் மேல் ரிஜெக்ட் போட்டதால் கம்பெனியில் எனக்கு ரிஜெக்ட் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் யாரும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை.

இந்த வேலைக்கு நான் சில சட்டங்கள் போட்டு வைத்திருந்தேன். யாரும் கேட்டுப் போட்டதில்லை, நானாகவே இழுத்துவிட்டுக்கொண்டது. சோதனை நடக்கும்போது கதவு மூடியிருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது. வேறு யாரும் அறைக்குள் வரக் கூடாது. நாற்காலி ஒரு விரற்கடை நகரக் கூடாது என்று அதன் நாலு காலுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். மேஜை மேல் ஷீட், அதற்கு அந்தப் பக்கம் ஸ்டாண்டில் சாய்ந்து பார்க்கிற கேமரா, இந்தப் பக்கம் நான். கையை மடியில் வைத்து, தலையைச் சற்று முன்னால் குனிந்து, பக்கத்துத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். சிலைக்குக்கூட அவ்வளவு கட்டுப்பாடு இருக்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன் என்று எனக்கு என்னைப் பற்றிப் பெருமை வேறு.

முதலில் ஹெல்மெட் கண்ணாடிக்கு ஒட்டுகிற உள்ளங்கை அகலத் துண்டுகளைத்தான் செய்தோம். அவற்றை ஒரு டப்பாவுக்குள் வைத்து மேலிருந்து படம் எடுப்போம், பிரச்சினை எதுவும் வந்ததில்லை. பிறகு வண்டிகளின் முன்கண்ணாடிக்குப் பெரிய ஷீட் செய்யலாம் என்று டாக்டர் தீர்மானித்தார். அது டப்பாவுக்குள் அடங்காது என்பதால் மேஜை, ஸ்டாண்ட், நாற்காலி, டேப் என்று மேலே சொன்ன ஏற்பாடெல்லாம் வந்தது. ஏற்பாடு முழுக்க என்னுடையது.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் உருப்படியாக ஒரு வேலை செய்கிறவள் அவள்தான். மலை மேல் இருக்கிற வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்தில் விடுகிற வேனை ஓட்டுகிறாள். நாற்பது வயதுக்கு மேல், யாரிடமும் சொல்லாமல் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கின பிறகுதான் என்னிடமே காட்டினாள். அதுவரைக்கும் ரோட்டைக் கடக்கக்கூட என் கையைப் பிடித்துக்கொள்வாள். இப்போது பிள்ளைகள் அவளை வேன் அத்தை என்கிறார்கள். ஊரில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டுமானால் வேன் அத்தை வீட்டுக்காரர் என்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. வெள்ளிக் கம்பியை விளக்குகிற தொல்லை மிச்சம்.

வேன் பழசு. கண்ணாடிக்குச் சூடான காற்று ஊதுகிற யந்திரம் மண்டையைப் போட்டு நாளாகிவிட்டது, அதற்கு மாற்றுச் சாமான் இப்போது யாரும் செய்வதில்லை. குளிர்காலக் காலைகளில் உள்ளே பிள்ளைகள் பத்து நிமிஷம் மூச்சு விட்டால் போதும், முன்கண்ணாடி பூராவும் வெளுத்துவிடும். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் துணியை வைத்துத் துடைத்துத் துடைத்து ஓட்டுவாள். நான் நிபுணன் இல்லையா, யோசனைகள் சொன்னேன். சோப்பு தடவச் சொன்னேன், வெயில் பட்டதும் கண்ணாடி கோடு கோடாய்ப் போயிற்று. உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்க்கச் சொன்னேன், பிள்ளைகள் ஒரு வாரம் வேனை உருளைக்கிழங்கு வேன் என்றார்கள்.

குளிர் இறங்கிய புதிதில் ஒரு காலை, கல்சுவர் வளைவில் எதிரே டிராக்டர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கடைசி நொடியில் ஒடித்ததில் வேன் சுவரை உரசி, பக்கக் கண்ணாடி பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வேன் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தார். மோசமான மனிதர் இல்லை, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாமல் சொன்னார்.

"உங்க கைய நான் குத்தம் சொல்லலம்மா. ஆனா அடுத்தவங்க புள்ளைங்க. இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன். கண்ணாடிக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா எனக்கு வேற வழியில்ல, மலையிலயே பொறந்து வளந்த டிரைவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க ஆபீஸ்ல பண்றது கண்ணாடில பனி படியாம இருக்கறதுக்குத்தானே?"

"ஆமா."

"அப்ப எனக்கு ஒண்ணு கொண்டாங்க."

"அது பாஸ் ஆகணும்."

"யாரு பாஸ் போடணும்?"

"நான்தான்."

"அப்பறம் என்ன, போடுங்க!"

"ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரு பொட்டு சூடா வருது. பாஸ் போட முடியல."

"பெயிலானதையே குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"கருகிப் போய் நெருப்புக் கிருப்பு பிடிச்சா? புள்ளைங்க இருக்கற வண்டி."

பிள்ளைகள் என்று சொல்லி அவள் வாயை அடைத்தது எனக்கே சங்கடமாக இருந்தது. உள்ளே எழுந்து போகும்போது, "என்னை வீட்ல உக்கார வெச்சா, நாள் முழுக்க உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். யோசிச்சுக்கங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் குரல் உடைந்திருந்தது. அந்த வேன் போனால் அவள் பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிற ஆளாகிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் சொன்னது பொய் இல்லை. பெரிய ஷீட் ஒவ்வொன்றிலும் அந்தப் பொட்டு வந்தது. நடுவுக்குச் சற்றுக் கீழே, உருண்டையாக, சிவப்பாக, ஒரே இடத்தில். நான் ரிஜெக்ட் போடுவேன், அக்கா வேறு ஷீட் இழுப்பாள், அதிலும் அதே பொட்டு. தண்டை மாற்றினாள். கலவையை மறுபடி மறுபடி கழுவினாள். மேஜை சாய்ந்திருக்கிறதோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். டாக்டர் காய்ச்சுகிற பதத்தை மாற்றினார். ரிஜெக்ட் ஷீட்கள் அலமாரியில் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போயின.

"சார், ஒரு தடவ நானும் கூட நின்னு பாக்கறேனே" என்று அக்கா கேட்டாள்.

"சோதனை நடக்கும்போது யாரும் உள்ள வரக் கூடாதும்மா" என்றேன். சட்டம் சட்டம்தானே.

"என் கைதான் நடுவுல வரும்போது தடுக்குது போல" என்று சொல்லிக்கொண்டு போனாள். நான் தலையாட்டினேன். அனுதாபத்தோடு ஆட்டியதாக ஞாபகம். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது எனக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு ஒழுகிக்கொண்டு கிளம்பியவனை வாசலில் நிறுத்தி, என் மனைவி கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, மப்ளரை மூக்குக்கு மேல் சுற்றி முடிச்சுப் போட்டாள். கோபமாக இருந்தாள், ஆனாலும் முடிச்சு சரியாக இருந்தது. மூக்குக் கண்ணாடி மட்டும் வெளியே தெரிய நான் பாங்க் கொள்ளையடிக்கப் போகிறவன் மாதிரி கம்பெனிக்குள் நுழைந்தேன்.

அன்று அக்கா கொடுத்த ஷீட்டைப் பொருத்தி, கரண்டைக் கொடுத்து, சட்டப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் மெல்லச் சூடு ஏறியது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நிறம். பொட்டு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். இல்லவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம், அக்கா ஜெயித்துவிட்டாள், என் வீட்டுக்காரி வேனை இனி யாரும் தொட முடியாது! சந்தோஷத்தில் மப்ளரை அவிழ்த்தெறிந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே திரையைத் திரும்பிப் பார்த்தேன். பொட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

நல்ல ஷீட், என் கண் முன்னாலேயே கெட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே எனக்கு ஒரு பட்டம் தர வேண்டும். காது குளிரவே தொப்பியை மறுபடி மாட்டினேன். பொட்டு மங்கியது. மப்ளரைச் சுற்றினேன். பொட்டு போய்விட்டது.

கழற்றினேன். வந்தது. மாட்டினேன். போனது. தலையை இடது பக்கம் சாய்த்தேன். பொட்டு நகர்ந்தது. வலது பக்கம் சாய்த்தேன், அதுவும் கூடவே சாய்ந்தது. டேப் ஒட்டிய இடத்திலிருந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன், பொட்டு மேஜையை விட்டே இறங்கிப் போய்விட்டது. வெள்ளி என்றால் வெள்ளிதான், எவ்வளவு மெல்லிசாக இருந்தால் என்ன! கண்ணுக்கு அது வெறும் ஷீட். சூட்டைப் பார்க்கிற கேமராவுக்கு அது மங்கலான முகம் பார்க்கும் கண்ணாடி, எதிரே இருக்கிற சூட்டைத் திருப்பிக் காட்டும். ஷீட்டில் இத்தனை நாளாகத் தெரிந்த அந்த உருண்டைச் சிவப்பு என் வழுக்கைத் தலை.

ஒரு தடவையாவது நான் தும்மியிருந்தால், சொறிந்திருந்தால், அக்காவை உள்ளே விட்டிருந்தால் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். நான் அசையாத சிலையாக, அளந்து ஒட்டிய டேப்புக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஷீட்டிலும் என் தலையை ஒரே இடத்தில் பதித்துப் பதித்து, என் தலைக்கே ரிஜெக்ட் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கம் யாரும் இல்லை என்ற தைரியத்தில், நிச்சயப்படுத்திக்கொள்ள, நின்றும் குனிந்தும் தொப்பியைப் போட்டும் எடுத்தும் மேஜையைச் சுற்றி நடனமே ஆடினேன் என்று சொல்ல வேண்டும். திரும்பினால் கதவைத் திறந்துகொண்டு அக்கா நிற்கிறாள்.

"என்ன சார் பண்றீங்க?"

பூசி மெழுக ஒரு வாய்ப்பு இருந்தது. கேமராவில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் கையில் அடுத்த ஷீட் இருந்தது, இரண்டு கையாலும் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தியிருந்தாள்.

"வந்து என் நாற்காலில உக்காரும்மா" என்றேன்.

உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் உருண்டையாகச் சிவந்தது. காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள், பொட்டின் ஓரமும் அசைந்தது. அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிரிப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என் கை போச்சுன்னு நெனச்சுட்டேன் சார். வீட்ல தட்டு எடுத்துட்டுப் போகும்போதுகூட நடுங்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். வாயில் வந்த சொற்கள் எதுவும் போதுமானதாக இல்லை, ஜலதோஷக் குரல் வேறு. கடைசியில் அவளே என்னைப் பார்த்து, தொப்பி ஒரு பக்கம், மப்ளர் ஒரு பக்கம் கிடக்க நான் நின்ற கோலத்தைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியும் பயனில்லை. அவள் சிரித்த சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார், என் நெற்றியில் இல்லை, தன்னுடையதில்தான். "எனக்கே தோணியிருக்கணும்" என்று அவர் முணுமுணுத்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கேமராவையும் ஷீட்டையும் சுற்றி ஒரு கறுப்புத் துணியைக் கூடாரமாகக் கட்டினோம். அலமாரியில் இருந்த ரிஜெக்ட் ஷீட்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தோம். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சுத்தம். அன்று ஒரே நாளில் போட்ட அவ்வளவு பாஸை நான் அதற்கு முன் எந்த நாளிலும் போட்டதில்லை.

வேன் விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். கேட்டு முடிப்பதற்குள், "ரோட்டுல ஓடற வண்டில ஒட்டிப் பாக்கணும்னு நானே நெனச்சேன். கொண்டு போங்க" என்றார். எந்த ஷீட் என்பதை அக்கா தேர்ந்தெடுத்தாள். அடுக்கின் அடியில் கை விட்டு ஒன்றை உருவினாள். "இது நான் இழுத்ததுலயே நல்ல இழுப்பு. அன்னைக்கு நீங்க ரிஜெக்ட் போட்டப்பதான் ரொம்ப வலிச்சுது. இத ஒட்டுங்க" என்றாள்.

அக்காவின் தண்டு ஒரு முழத்துக்கு மேல் அகலம் இல்லை. அதனால் ஷீட் டிரைவர் பக்கத்துக்கு மட்டும்தான் எட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வேனுக்குள் முட்டி போட்டு, கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டி, காற்றுக் குமிழ்களைத் துணியால் தள்ளித் தள்ளி வெளியேற்றி, பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். என் மனைவி வெளியே நின்று பார்த்தாள்.

"ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிட்டேன்."

"எங்க?"

தொப்பியும் தலையும் பற்றிய கதையை அவளிடம் சொல்ல எனக்கு அன்றுதான் தைரியம் வந்தது. அவள் சிரித்தாள், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமைதான் தவணையின் கடைசி நாள். வேன் சொந்தக்காரர் தானே பார்க்க வேண்டும் என்று பின்சீட்டில் புத்தகப் பைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் முன்சீட்டில். நல்ல குளிர், ஜன்னல்களையெல்லாம் ஏற்றி மூடியிருந்தோம். மேல் வீடுகளில் பிள்ளைகள் ஏறி ஏறி, கத்திப் பேசி, பாட்டுப் பாடி, உள்ளே நன்றாக மூச்சை நிரப்பினார்கள். கண்ணாடி என் பக்கம் வெளுத்தது, நடுவில் வெளுத்தது, அவள் பக்கமும் வெளுத்தது. அவள் ஸ்விட்சைத் தட்டினாள்.

ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தாள். பின்னால் சொந்தக்காரர் தொண்டையைச் செருமினார். ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், ஸ்விட்சை முறைத்தேன், தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். அவள் கை தானாகத் துடைக்கிற துணியை நோக்கிப் போயிற்று. அப்போது அவள் முன்னால் கண்ணாடியில் வெண்மை இளகத் தொடங்கியது. மூலை முதல் மூலை வரை எல்லா இடமும் ஒரே நேரத்தில், ஒரே சீராக இளகியது. எங்காவது ஒரு இடம் மட்டும் முந்துகிறதா என்று நான் உற்றுப் பார்த்ததை ஒப்புக்கொள்கிறேன். பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. முந்தவில்லை. பிள்ளைகளில் ஒருத்தி, "அத்தை, யாரு தொடச்சது?" என்று கேட்டாள். துணியை எடுக்கப் போன கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் வண்டியை எடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் நான் அவள் வண்டியில் அந்த வழியாகப் போனதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முன்னால் தெளிவாக ரோடு. என் முன்னால் வெள்ளைச் சுவர். சரிவில் வண்டி இறங்குவது வயிற்றில் தெரிகிறது, எங்கே போகிறது என்பது தெரியவில்லை. கல்சுவர் வளைவு வரப் போகிறது என்று பிள்ளைகள் அமைதியானதிலிருந்து புரிந்தது. பின்னால் சொந்தக்காரரின் கை என் சீட்டின் முதுகை இறுகப் பிடித்தது. வேன் வேகம் குறைந்து, நின்றது. பின்னோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது.

"என்னாச்சு?" என்றேன். "எதுக்கு நிறுத்திட்ட? எதிர்ல என்ன?"

"லாரி."

"எவ்வளவு தூரத்துல? ரொம்பப் பக்கத்துலயா?"

"வளைவுக்கு அந்தப் பக்கமே இருக்கான், விளக்கு தெரியுது. வரட்டும், விட்டுட்டுப் போலாம்." அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. "நான் பாத்துட்டேங்க. நீங்க பேசாம இருங்க."

உறுமிக்கொண்டு ஏதோ பெரிதாக எங்களைக் கடந்து போன சத்தம் கேட்டது. என் சீட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "நாளைக்கு நான் வரலம்மா, உங்க வண்டி, நீங்களே பாத்துக்கங்க" என்று சொந்தக்காரர் பின்னாலிருந்து சொன்னார். அவள் கியரை மாற்றினாள். பிள்ளைகள் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். அடுத்த வளைவு எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவளுக்குத் தெரிகிறது என்ற ஒன்றே போதுமாக இருந்தது. எதுவும் தெரியாத அந்த வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, பள்ளிக்கூடம் வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.